பேரிங் நல்லாத்தான் இருக்கு

மார்ச் 4, செவ்வாய்

செவ்வாய் என்றால் பேரிங் கழுவும் நாள். சனிக்கிழமை மேடை, ஞாயிறு தூக்கம், திங்கள் துணி, செவ்வாய் பேரிங். ஊரில் மற்ற பெண்கள் வெள்ளிப் பாத்திரம் துலக்குவார்கள், எனக்கு வாய்த்தது இது.

சமையலறை ஜன்னலோரம் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். யோயோவைத் திருகி இரண்டாகப் பிரித்தால் நடுவில் பேரிங் இருக்கும், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக. ஊசியால் அதன் வளையத்தை நெம்பி, மூடியைத் தட்டி எடுத்து, பெயிண்ட் கரைக்கிற தின்னர் ஊற்றிய குட்டி பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் நூலிலிருந்து போன பஞ்சும் அழுக்கும் கழன்று வரும். காய்ந்ததும் பென்சில் நுனியில் மாட்டிச் சுண்டிவிட்டு, காதருகே வைத்துக் கேட்பேன். ஒரே சீராக ஓடினால் சரி. கரகரவென்றால் திரும்ப ஒரு குளியல்.

அப்புறம் எண்ணெய். நூல் நுனியில் ரொம்ப நேரம் சுற்றவேண்டிய யோயோவுக்கு மெல்லிய எண்ணெய், ஊசி தொட்ட அளவு போதும். வீசின வேகத்தில் கைக்குத் திரும்பவேண்டிய யோயோவுக்குக் கெட்டி எண்ணெய், ஒரே சொட்டு. கூடினால் பாதி வழியிலேயே திரும்பிவிடும். விடவே இல்லையென்றால் போனது போனதுதான், வராது. மேடையில் பூ வித்தைக்கு என் வீட்டுக்காரர் எடுப்பது அந்தத் திரும்புகிற யோயோவைத்தான்.

போன சனிக்கிழமை அந்த யோயோ பூவை அடிக்கவில்லை. என்னை அடித்தது.

கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்பில். நான் எப்போதும்போலப் பக்கவாட்டில் திரும்பி, காகிதப் பூவின் காம்பை உதட்டில் கவ்விக்கொண்டு நின்றேன். இவர் வீசினால் பூ மட்டும் பறக்கும். இத்தனை வருஷமாக அப்படித்தான் பறந்தது. அன்றைக்கு ஒரு சத்தம், அப்புறம் கண்ணெல்லாம் தண்ணீர். கூட்டம் 'ஐயோ' என்றது. நான் சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். வேறென்ன செய்ய?

காரில் இவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "எண்ணெய் அதிகமாயிடுச்சு, இழுத்துடுச்சு."

இன்றைக்கு அதே பேரிங்கைத்தான் முதலில் திறந்தேன். எண்ணெய் சரியாக இருந்தது. சரியாகத்தான் இருந்ததா? மூன்று நாள் கழித்துப் பார்த்தால் என்ன தெரியும். நானே எனக்குச் சாதகமாகப் பார்க்கிறேனோ என்னவோ.

மார்ச் 5, புதன்

வீக்கம் வடிந்திருக்கிறது. பயம் வடியவில்லை.

மார்ச் 8, சனி

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும், பரவாயில்லை.

ஹோட்டல் ஹாலில் நல்ல கூட்டம். மேனேஜர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு "பவுடர் கொஞ்சம் தூக்கலா போட்டுக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னார். பூ வித்தை இல்லாமல் நிகழ்ச்சியை முடிக்கலாமா என்று நான் இழுத்துப் பார்த்தேன். ஜனங்க அதுக்குத்தாம்மா வர்றாங்க என்றுவிட்டார்.

பூவைக் கவ்விக்கொண்டு நின்றேன். உடம்பெல்லாம் கல்லாகிவிட்டது. யோயோ மூக்குக்கு முன்னால் போனபோது இமையில் காற்றடித்தது. இமையில்! பூ அசையவே இல்லை. இரண்டாவது தடவை அடித்தார், பூ போனது. முதல் தடவை வேண்டுமென்றே தவறவிட்டார் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.

ஒப்பனை அறையில் இவர் யோயோவை மேஜைமேல் வைத்துவிட்டு, "இந்த பேரிங் சரியில்ல. வரவர நீ கவனமா கழுவறதில்ல" என்றார்.

யோயோவை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டதே. நிஜமாகவே என் கை தவறியிருந்தால், என்னைக் குத்த வந்ததை நானேதான் தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு திருட்டு வேலை செய்தேன். பெட்டியில் பிரிக்காமல் கிடந்த புது பேரிங்கை எடுத்து, கழுவி, ஒரு சொட்டு விட்டு, அந்த யோயோவில் மாட்டிவிட்டேன். எண்ணெய் கூடிவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன். இவரிடம் சொல்லவில்லை. பழையதில்தான் குற்றமென்றால் இதில் தெரிந்துவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

வீட்டு ஹாலில் பாட்டில் வாயில் ஒரு பென்சிலை நிறுத்திவைத்து இவர் பழகிக்கொண்டிருந்தார். நான் கீரை ஆய்வதுபோல எதிரில் உட்கார்ந்திருந்தேன். வீச்சு ஒவ்வொன்றும் பென்சிலுக்கு இடப்பக்கமாகவே போனது. யோயோ என்னவோ ஒழுங்காகப் போய், ஒழுங்காகக் கைக்குத் திரும்பியது. வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, சத்தத்திலேயே எனக்குத் தெரியும். கடைசியில் பாட்டிலே கீழே விழுந்து உருண்டது.

"இந்தப் பேரிங்குக்கு என்னத்த விட்டுத் தொலைச்ச?" என்றார்.

பழையது என் முந்தானை முடிச்சில் இருந்தது.

பேரிங் நல்லாத்தான் இருக்கு. நூல் புதுசு. அப்போ மிச்சம் என்ன? ஆள்தான் மிச்சம்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார், கிண்டல் செய்தேன். குளியலறைக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார், கதவைத் திட்டினார். ரோடு தாண்டும்போது இப்போதெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். வயசான காலத்தில் மனுஷனுக்குப் பாசம் பொங்குதே என்று அக்காவிடம் வேறு பீற்றிக்கொண்டேன். அடிப் பைத்தியக்காரி.

மார்ச் 14, வெள்ளி

அக்காவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நாளைக்கு நிற்கமாட்டேன் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடு, உனக்கென்ன தலையெழுத்தா என்றாள். உன் கண்ணு போச்சுன்னா யார் உனக்குக் கை கொடுப்பா என்றாள்.

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் நிற்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் நான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். இந்த மனுஷனுக்குக் கையும் கண்ணும்தான் சொத்து. வேறு வேலை தெரியாது. ஒருநாள் ஜுரம் வந்தாலே வீட்டை இரண்டு பண்ணுகிறவர். இதைப் போய் எந்த வாயால் சொல்வது?

எனக்கு என் கண்ணை நினைத்தும் பயம். அவர் கண்ணை நினைத்தும் பயம். எது பெரிசு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

இருமல் வந்துவிட்டது எனக்கு. அதாவது, வரவழைத்துக்கொண்டேன். மேடை ஏறுவதற்கு முன்னால் லொக்கு லொக்கு என்று ஆரம்பித்து, இப்படி இருமினால் பூ எப்படி நிற்கும் என்றேன். மேனேஜர் முகத்தைச் சுளித்தார். வித்தை ரத்து.

அப்போது இவரைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. தூக்கிப் பிடித்திருந்த தோள் இரண்டும் மெல்ல இறங்கின. "சரி சரி, வெந்நீர் குடி" என்றார், ரொம்பத் தன்மையாக.

இவருக்கும் பயம் இருக்கிறதா? வீட்டுக்கு வரும்வரை அதே யோசனை.

மார்ச் 18, செவ்வாய்

கழுவும் நாள். பேரிங் எல்லாம் பேப்பரில் காய்ந்துகொண்டிருந்தது. வேண்டுமென்றே கையில் சோப்பைப் பூசிக்கொண்டு, கை ஈரம், அந்தத் திரும்புகிற யோயோவோட பேரிங்குக்கு மட்டும் ஒரு சொட்டு விட்டுடுங்களேன் என்று கூப்பிட்டேன்.

வந்தார். எண்ணெய்க் குப்பியை எடுத்தார். குனிந்தார். தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார், அப்புறம் இன்னும் கொஞ்சம். குப்பியின் மூக்கு பேரிங்குக்கு நேராக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. சுண்டுவிரல் அகலத்துக்குத் தள்ளி இருந்தது. சொட்டு விழுந்தது. பேப்பரில். வெறும் பேப்பரில் விழுந்து வட்டமாகப் பரவியது.

"விட்டாச்சு" என்றார். குப்பியை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் சோப்பு காய்ந்து இழுத்தது. கடவுளே, இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா என் முகத்துக்கு நேரா வீசினாரு?

கறை விழுந்த பேப்பரைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சனிக்கிழமைக்கு இருமல் செல்லாது. பெரிய பார்ட்டி, பூ வித்தை கட்டாயம் வேண்டும் என்று மேனேஜர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

ஒன்று செய்யப் போகிறேன். திரும்புகிற யோயோவின் பேரிங்கை எலும்பாகக் காயவைத்து, ஒரு சொட்டுகூட விடாமல் மாட்டப் போகிறேன். மேடைக்குப் போகுமுன் இவர் எப்போதும் திரைக்குப் பின்னால் ஒரு தடவை வீசிப் பார்ப்பார். திரும்பி வராது. ஏன்டி எண்ணெய் விடலன்னு எல்லார் முன்னாலயும் கத்துவார். கத்தட்டும். மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். மானம் எனக்குப் போகட்டும், அவருக்குப் போக வேண்டாம். வித்தை நின்றால் போதும்.

நல்ல யோசனைதானா இது? கை என்னவோ வேலையை முடித்துவிட்டது. பென்சிலில் மாட்டிச் சுண்டினால் நிற்காமல் ஓடுகிறது பாவி.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், முழுக்க எழுதிவிடுகிறேன்.

இவர் வீசிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வீசிப் பார்க்காமல் மேடை ஏறினதில்லை. நேற்று ஏறினார். நான் "ஒரு தடவ பார்த்துக்கங்களேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "எல்லாம் சரியா இருக்கும்" என்று போய்விட்டார். என் எதிரில் வீசிப் பார்க்க அவருக்குப் பயம், அது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் பூ. உதட்டில் காம்பு. திரும்பி வராத யோயோவை அவர் கையில் கொடுத்துவிட்டு அதற்கு முன்னால் நான் நிற்கிறேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். வாயில் பூ இருக்கே! துப்பிவிட்டுக் கத்தியிருக்கலாம். கால் நகரவில்லை, நாக்கு எழவில்லை. அவ்வளவு பயத்தில் மனுஷி ஒன்றும் செய்யமாட்டாள் என்று நேற்றுதான் கண்டேன்.

வீசினார். பூவுக்கும் எனக்கும் முன்னால், தள்ளிப் போனது. நான் பிழைத்தேன். யோயோ நூல் முடியும்வரை போய், திரும்பாமல், தொய்ந்து கீழே இறங்கி, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டே சுற்றியது. நன்றாகத்தான் ஓடியது, நான் கழுவினதாச்சே.

இவர் கையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றார். யோயோ வரும் என்று. கை காற்றில் அப்படியே நிற்கிறது. காலடியில் அது சுற்றுகிறது. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் இன்னொரு கையால் விரலில் கட்டியிருந்த நூலைத் தடவி, தடவிக்கொண்டே கீழே போய், யோயோவைப் பிடித்தார்.

கூட்டம் சிரித்தது. இவரும் மைக்கில், "வீட்டம்மா இன்னிக்கு எண்ணெய் விட மறந்துட்டாங்க, வீட்டுக்குப் போய் பேசிக்கறோம்" என்றார். இன்னும் சிரித்தார்கள். பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒப்பனை அறைக் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து, பார்க்காமலே யோயோவைத் திருகி, பேரிங்கை எடுத்துச் சுண்டுவிரல் நகத்தில் நிறுத்திச் சுண்டினார். காதில் வைத்துக் கேட்டார். அது நிற்கவே இல்லை.

"நீ மறக்கற ஆள் கிடையாதே" என்றார்.

நான் முகத்துப் பவுடரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

செவ்வாய்க்கிழமை என்றேன். எண்ணெய் பேப்பரில் விழுந்தது என்றேன்.

அந்தப் பேரிங்கைத் தேய்த்துக்கொண்டே, "எனக்குப் போன வருஷமே தெரியும்" என்றார்.

எனக்குள் என்னவோ வெடித்துவிட்டது. "தெரிஞ்சும் வீசினியா? என் மூஞ்சிக்கு நேரா? தெரிஞ்சுமா வீசின நீ?" என்றேன். நீ என்று சொல்லிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வந்ததில்லை. பேரிங் மேல, என் கை மேல பழியைப் போட்டியே, நான் பைத்தியம் மாதிரி ராவும் பகலும் கழுவிக்கிட்டு இருந்தேனே என்று கத்தினேன். பக்கத்து அறையில் மேஜிக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். கேட்கட்டும்.

இவர் தலையைத் தூக்கவில்லை. "நீ நிக்கமாட்டேன்னு சொல்லுவேன்னு ஒவ்வொரு வாரமும் காத்துட்டு இருந்தேன். நீ போய்ப் போய் நின்ன" என்றார்.

அழுதுகொண்டே காரை நான் ஓட்டிவந்தேன். இவர் பக்கத்தில் என் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் கோபம் ஆறவில்லை. இன்று காலை காபி கொடுத்தேன், பேசவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

பேரிங் கழுவவில்லை. கண் டாக்டரிடம் போனோம்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தேய்த்திருக்கிறதாம். வலி இருக்காதாம், ஓரத்திலிருந்து மெதுவாகத் தின்னுமாம். இடது கண் முக்கால்வாசி போய்விட்டது. வலது கண்ணின் ஓரத்திலும் கை வைத்துவிட்டது. டாக்டரம்மா சின்னப் பெண், சுற்றி வளைக்காமல் சொன்னாள். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தலாம், தினமும் சொட்டு மருந்து விடணும், ஒருநாள்கூடத் தவறக்கூடாது.

போன வருஷமே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். இவர் என் கையை அழுத்தினார். நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்வியை வீட்டிலும் கேட்கப் போவதில்லை.

மார்ச் 26, புதன்

அவராகவே மருந்து விட்டுக்கொள்கிறேன் என்றார். கன்னத்தில் ஒன்று, மூக்கில் ஒன்று. நான் வாங்கிக்கொண்டேன். "கண்ணைத் தொறங்க. ஒரே சொட்டுதான், கூடினா வழிஞ்சிடும்" என்றேன். குழந்தை மாதிரி என் புடவையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. இனிமே நான் என்ன பண்ணுவேன் என்று கேட்டார். எனக்கும் தெரியல என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேரிங் கழுவும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். நான் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டார். ஊசியை விரலால் தடவி வளையத்தைக் கண்டுபிடிக்கிறார். சொட்டு விடுவதற்குக் குப்பியை நம்புவதில்லை. எண்ணெயை ஊசியில் தொட்டு, பேரிங்கை விரல் நகத்தில் வைத்து, ஊசியை நகத்தில் முட்டவைத்து உள்ளே இறக்குகிறார். காதில் வைத்துக் கேட்கிறார். நானும் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்பேன், இவர் திரும்ப தின்னரில் போடுகிறார். ரொம்பத்தான் பண்றார்.

இன்னும் ஒன்று. என்னை வீசக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். எனக்கெதற்கு இந்த வயசில் என்றேன். நின்னது நீ, அளவு உன் உடம்புக்குத் தெரியும் என்கிறார்.

ஏப்ரல் 19, சனி

கண்ணாடி டம்ளர் போச்சு. சுவர்க் கடிகாரம் போச்சு. பென்சில் பத்திரமாக இருக்கிறது.

மே 3, சனி

இன்று பென்சில் விழுந்தது, திரும்பத் திரும்ப விழுந்தது. சத்தம் கேட்டு இவர் கைதட்டினார். அப்புறம் உள்ளே போய்ப் பழைய காகிதப் பூவை எடுத்துவந்து வாயில் கவ்விக்கொண்டு சுவரோரம் நின்றார். என் கையிலிருந்து யோயோ நழுவிவிட்டது. முடியவே முடியாது என்றேன். சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை.

இருக்கிற ஒரு கண். அதுவும் பாதி. அதற்கு நேராக நானா?

மே 16, வெள்ளி

நாளைக்கு. இவர் பிடிவாதத்துக்கு நான் இறங்கினேன், நான் வீசுவதற்கு மேனேஜரும் ஒத்துக்கொண்டுவிட்டார்.

கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று இவரிடம் வாய்விட்டே கேட்டேன். வலது கண்ணைக் கூட்டத்துப் பக்கம் வைத்து, இடது கண்ணை என் பக்கம் காட்டி நிற்கப் போகிறாராம். ஏற்கெனவே போன கண்தானே என்கிறார். "அந்தப் பக்கம் வர்றது எனக்குத் தெரியாது. தெரியலன்னா தலை அசையாது. உன்ன மாதிரி கல்லா நிக்கணும்னு அவசியமே இல்ல. பயப்படற வேலைய நீ பார்த்துக்க" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

மே 17, சனி

வந்துவிட்டோம். இரண்டு பேரும் முழுசாக வந்துவிட்டோம்.

காலையிலேயே பேரிங்கைக் கழுவி, எண்ணெய் தொட்டு, என் காதில் வைத்துச் சுண்டிக் காட்டினார். "நாளப் பின்ன எண்ணெய் மேல பழி போடக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். திரைக்குப் பின்னால் நான் ஒன்றுக்கு நாலு தடவை வீசிப் பார்த்தேன். திரும்பித் திரும்பிக் கைக்கு வந்தது.

மேடையில் அவர் பூவைக் கவ்விக்கொண்டு நின்றார். இடது கண் என் பக்கம், இமைக்காமல் திறந்தே இருந்தது. எனக்குக் கை வேர்த்து நூல் வழுக்கியது. இவர் ஒரு வருஷம் எப்படி இந்த இடத்தில் நின்றார்? தெரியாமல் வீசுவது வேறு, தெரிந்து வீசுவது வேறு. கோபம் எல்லாம் எங்கேயோ போய், பாவம் மனுஷன் என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் போய் அது தோன்றவேண்டுமா?

வீசினேன். கைதட்டல் கேட்டது. யோயோ உள்ளங்கையில் வந்து அறைந்தது. பூ மேடையின் ஓரத்தில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டேன். வீசுகிற நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று. இரண்டு கண்ணையும், இறுக்கமாக.

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், மூச்சு வாங்க, முதுகு குலுங்க. "நல்ல ஜோடி" என்றார். அடுத்த வாரம் நிற்பதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மருந்து நேரமாகியிருந்தது. உட்காரவைத்து, கண்ணை விரித்துப் பிடித்து விட்டேன். மறுபடி சிரித்ததில் அது வழிந்து காதுக்குப் போய்விட்டது. பேசாம இருங்க என்று அதட்டிவிட்டு, இன்னொரு சொட்டு விட்டேன்.